பட்டைக்கு என்ன நிறம்? வெள்ளை, கறுப்பு, சிவப்பு, ஆரஞ்சு: ஓர் அலசல்

என் முதல் கார் வெள்ளி நிற மெட்டாலிக். பானெட்டில் தொடங்கி டிக்கி வரை இரண்டு சிவப்புப் பட்டைகள் ஒட்டினேன். கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஸ்டிக்கர் துண்டை வைத்துப் பார்த்தபோது அசத்தலாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் கதை மாறிவிட்டது. வெயில் நேராகப் பட்டால் வெள்ளி பளிச்சென்று மின்னும், சிவப்பு அதன்மேல் இருட்டாகத் தெரியும். நாலு எட்டு நகர்ந்து பக்கவாட்டில் நின்றால் அதே வெள்ளி கருத்துப்போய், சிவப்பு அதைவிட வெளிச்சமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பட்டை இருப்பதே தெரியாது. பானெட்டில் துரு ஏறத் தொடங்கியதுபோல ஒரு செம்மை மட்டும் தெரியும். மூன்றாவது ஆண்டில் பானெட் மேலிருந்த சிவப்பு வெளுத்து ரோஸ் ஆனது. டிக்கியின் பின்பக்கம் செங்குத்தாக இறங்கிய துண்டு மட்டும் அப்படியே இருந்தது. ஒரே காரில் இரண்டு சிவப்பு.

இப்போது இருப்பது அடர்நீலக் கார். பட்டை ஆசை மட்டும் போகவில்லை. இந்த முறை கடைக்குப் போகும் முன் வெள்ளை, வெளிர் சாம்பல், கறுப்பு, ஆரஞ்சு, சிவப்பு ஆகிய ஐந்து நிறங்களிலும் ஒரு முழ நீளத் துண்டுகளை வாங்கிவந்து, இரண்டு வாரம் பானெட் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதையும் வேறு நிறக் கார்களுக்கு எது பொருந்தும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு

பட்டை நிறம் தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது ‘சிவப்பா நீலமா’ என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, பட்டை உடல் நிறத்தைவிட எவ்வளவு வெளுப்பு அல்லது எவ்வளவு கருப்பு என்பது. வெள்ளிமேல் சிவப்பு எனக்குத் தோற்ற காரணம் இதுதான். நிறம் வேறு வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே படியில் இருந்தன. போதாக்குறைக்கு மெட்டாலிக் பெயின்ட்டில் அலுமினியத் துகள்கள் கண்ணாடிபோல் படுத்திருக்கும். நேராகப் பார்த்தால் ஒளியைத் திருப்பி அடிக்கும், சாய்வாகப் பார்த்தால் கருக்கும். ஆக, உடலின் வெளிச்சமே கோணத்துக்குக் கோணம் ஏறி இறங்கும்போது, நடுத்தர நிறப் பட்டை ஒன்று அதன் மேல் நிலையாக நிற்கவே முடியாது.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. துண்டை பானெட் மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பட்டை தெளிவாகத் தெரிந்தால் அது பகலில் எந்த வெளிச்சத்திலும் தெரியும். கரைந்துபோனால், நண்பகலில் மட்டும் அழகாக இருக்கும் பட்டை அது.

அந்தி வெளிச்சத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பை இழந்துகொண்டே வரும், நீலமும் பச்சையும் ஒப்பீட்டளவில் பிரகாசமாகும். புர்கின்யே விளைவு என்று இதற்குப் பெயர். கறுப்புக் காரில் சிவப்புப் பட்டை போட்டவர்கள் மாலை ஆறரை மணிக்கு அதைத் தேடிப் பார்க்கட்டும். அது கறுப்போடு கறுப்பாகப் போயிருக்கும். அதே சிவப்பு வெள்ளைக் காரில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இரவில் கறுப்புப் பட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

இடைக்கால ஐரோப்பாவில் கேடயங்களுக்குச் சின்னம் வரைந்தவர்களிடம் இதற்கு ஒரு சட்டமே இருந்தது. தங்கமும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு எல்லாம் ‘வண்ணங்கள்’. உலோகத்தின்மேல் வண்ணம் வைக்கலாம், வண்ணத்தின்மேல் உலோகம் வைக்கலாம். வண்ணத்தின்மேல் வண்ணம் கூடாது. தூரத்தில் குதிரைமேல் வருபவன் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? காரும் ஓடுகிற பொருள்தான். பட்டைக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்துகிறது.

நீலமும் வெள்ளையும்

பட்டை என்றதும் பலருக்கு மனதில் வருவது இந்த ஜோடிதான். அதற்கு வரலாறும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சர்வதேசப் பந்தயங்களில் நாட்டுக்கு ஒரு நிறம் என்ற வழக்கம் இருந்தது. பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, பிறகு வெள்ளி. அமெரிக்காவுக்கு வெள்ளையும் நீலமும். பழைய கார்களில் உடல் வெள்ளை, வெளியே தெரியும் அடிச்சட்டம் நீலம். பிறகு உடல்கூடு சட்டத்தை முழுக்க மூடிவிட்டது. மறைந்துபோன அந்த நீலத்தை மேலே கோடாக வரைந்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1951இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் கொண்டுபோன வெள்ளைக் கார்களில் நீலப் பட்டைகள் இருந்தன. 1965இல் வந்த அமெரிக்க ஷெல்பி ஜிடி350 சாலைக் கார்கள் எல்லாமே வெள்ளை. நீலப் பட்டை வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதே ஷெல்பியின் டேடோனா கூப் நீல உடலில் வெள்ளைப் பட்டையோடு ஓடி, அதே ஆண்டு ஜிடி பிரிவில் உலகப் பட்டத்தை வென்றது. பிரான்சில் ரெனோ 8 கோர்டினியும் நீலத்தில் வெள்ளைதான். ஆனால் அதில் இரண்டு பட்டைகளும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். 1996இல் வந்த டாட்ஜ் வைப்பர் ஜிடிஎஸ் நீலமும் வெள்ளையுமாக அந்த நினைவை மறுபடி கிளப்பியது.

இரண்டும் ஒரே ஜோடி மாதிரி தோன்றினாலும், வெள்ளைமேல் நீலமும் நீலத்தின்மேல் வெள்ளையும் வேறு வேறு குணம். வெள்ளைக் காரில் நீலப் பட்டை அடக்கமானது. தொலைவிலிருந்து பார்த்தால் அடர்நீலம் கறுப்புபோல் ஆகிவிடும். அருகே வரும்போதுதான் ‘அட, நீலம்’ என்று தெரியும். எனக்கு இது பிடிக்கும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர் கறுப்பா நீலமா என்று கேட்டால் நீலம் என்றே சொல்வேன். நீலக் காரில் வெள்ளைப் பட்டையோ உரக்கப் பேசும். சாம்பல் பூசிய மழை நாளிலும் அதுதான் முதலில் கண்ணில் படும். உடலின் வடிவத்தையே அது இரண்டாகப் பிளந்து காட்டும். வளைவான பானெட் என்றால் பட்டை அந்த வளைவைச் சொல்லும், அழகு. தட்டையாக, உயரமாக நிற்கும் காராக இருந்தால் பட்டைக்குச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே வெள்ளை கொஞ்சம் வெறுமையாகத் தெரியும்.

வெள்ளையின் நடைமுறைக் குணமும் நல்லது. வெள்ளைக்குப் பயன்படும் டைட்டானியம் டைஆக்சைடு வெயிலில் எளிதில் நிறம் மாறாது. தொல்லை ஓரங்களில்தான். ஸ்டிக்கரின் விளிம்பில் கசியும் பசையில் தூசி ஒட்டி, கொஞ்ச நாளில் மெல்லிய அழுக்குக் கோடு விழும். அடர் உடலில் அது தெரியாது. வெளிர் நிற உடலில் வெளிர் பட்டை ஒட்டினால் யாரோ பென்சிலால் ஓரம் வரைந்ததுபோல் இருக்கும்.

சிவப்புக்கு வாதமும் எதிர்வாதமும்

சிவப்பின்மேல் எனக்கு இருப்பது பழைய காதலனின் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமாகவே பார்க்க முயல்கிறேன்.

வெள்ளைக் காரில் சிவப்பு நன்றாக நிற்கும். 1973இன் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்-இல் வெள்ளை உடலின் பக்கவாட்டில் ஓடும் எழுத்துப் பட்டையும் சக்கரங்களின் நடுப்பகுதியும் ஒரே நிறத்தில் வந்தன: சிவப்பு, நீலம் அல்லது பச்சை. அந்த யோசனையில் ஒரு பாடம் இருக்கிறது. சிவப்பு தனியாக ஓரிடத்தில் மட்டும் இருந்தால் ஒட்டவைத்த பொருளாகத் தெரியும். சக்கரத்திலோ பிரேக் கேலிபரிலோ பக்கக் கண்ணாடி மூடியிலோ இன்னொரு துளி சிவப்பு இருந்தால் கார் முழுக்க யோசித்துச் செய்ததுபோல் ஆகிவிடும். மற்ற நிறங்களுக்கும் இது பொருந்தும் என்றாலும் சிவப்புக்குத்தான் மிகவும் தேவை.

கறுப்பில் சிவப்பு, பகலில் மட்டும். நீலத்தில் சிவப்பு வேண்டவே வேண்டாம் என்பேன். அடர்நீலப் பானெட்டில் சிவப்புத் துண்டை வைத்தபோது அதன் ஓரம் அதிர்வதுபோல் இருந்தது. சிவப்பும் நீலமும் கண்ணில் ஒரே ஆழத்தில் குவிவதில்லை. அதனால் ஒன்று முன்னே மிதப்பதுபோலவும் மற்றொன்று பின்னே போவதுபோலவும் தோன்றும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குத் தலைவலி. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளை அல்லது வெள்ளிக் கோடு விட்டால் அந்த அதிர்வு அடங்கிவிடும். கேடயச் சட்டம் சொன்னதும் அதைத்தான். கரும்பச்சைக் காரில் சிவப்பும் இதே ரகம். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கு அங்கே பட்டையே தெரியாமல் போகலாம்.

சிவப்பின் பெரிய குறை வெளுப்பதுதான். பானெட், கூரை, டிக்கி மூடி போன்ற படுக்கைவாட்டுப் பரப்புகள் வெயிலை நேராக வாங்குகின்றன. கதவும் பம்பரும் சாய்வாக வாங்குகின்றன. ஸ்டிக்கர் படலமான வினைலைத் தயாரிப்பவர்களே படுக்கைவாட்டில் ஒட்டினால் உத்தரவாதக் காலத்தைக் குறைத்துத்தான் தருகிறார்கள். பளீர் சிவப்பும் மஞ்சளும் இதில் முதலில் அடி வாங்கும் நிறங்கள். சிவப்புதான் வேண்டும் என்றால் பானெட்டை விட்டுவிட்டுக் கதவின் கீழ்ப்பகுதியில் போடுங்கள். பல ஆண்டு அப்படியே இருக்கும். அடர் மெரூனுக்குப் போனால் வெளுப்பது அவ்வளவு சீக்கிரம் கண்ணை உறுத்தாது. ஆனால் மெரூன் வெள்ளை, வெளிர் சாம்பல், க்ரீம் உடல்களில்தான் எடுபடும்.

கறுப்பு, அப்புறம் அதன் மூன்று முகங்கள்

எல்லா உடலுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர்கள் கறுப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். பாதி உண்மை. காரில் ஏற்கெனவே கறுப்பு நிறைய இருக்கிறது: டயர், கண்ணாடியின் நிழல், முன்பக்க வலை, கதவோர ரப்பர். அதனால் கறுப்புப் பட்டை அந்நியமாகத் தெரியாது. மஞ்சள் காரிலும் ஆரஞ்சுக் காரிலும் கறுப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. சிவப்புக் காரில் கறுப்பும் நன்று, வெள்ளையும் நன்று. வெள்ளை போட்டால் பழைய மினியின் குறும்பு வரும், கறுப்பு போட்டால் கொஞ்சம் முறைப்பு வரும்.

ஆனால் கறுப்பு என்று ஒரே நிறம் இல்லை. பளபளப்புக் கறுப்பு கூரைக் கண்ணாடியோடு சேர்ந்து ஒழுகும். ஆனால் துணியால் துடைத்த ஒவ்வொரு வட்டக் கீறலையும் அது வெயிலில் காட்டிக்கொடுக்கும். மேட் கறுப்பில் கீறல் அவ்வளவு தெரியாது, கண்ணும் கூசாது. ஆனால் அதற்குப் பாலிஷ் போடக் கூடாது. மெழுகு பட்டால் திட்டுத்திட்டாகப் பளபளப்பு ஏறிவிடும். உடலுக்கு மெழுகு போடும்போது பட்டையின் ஓரத்தில் கை தவறினால் போச்சு. மூன்றாவது சாட்டின், இரண்டுக்கும் நடுவே. எனக்குக் கறுப்பு வேண்டியிருந்தால் சாட்டின்தான் எடுத்திருப்பேன். துடைக்கவும் வரும், கீறலையும் ஓரளவு மறைக்கும்.

கறுப்பில் இன்னொரு சங்கதி சூடு. வெயிலில் நின்ற வெள்ளைப் பானெட்டில் கறுப்புப் பட்டையையும் பக்கத்து வெள்ளையையும் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். அந்தச் சூடு மலிவான வினைலைச் சுருங்கவைக்கும், ஓரம் பின்வாங்கி பசைக் கோடு தெரியும். கறுப்பு நிறமி வெளுக்காது என்பது உண்மைதான். ஆனால் நிறம் நிலைத்தும் படலம் சுருங்கினால் என்ன பயன்? கறுப்பை பானெட்டில் போடுபவர் நிறத்தில் மிச்சம் பிடித்த காசை நல்ல வினைலில் போட வேண்டும்.

என் அடர்நீலக் காரில் கறுப்புத் துண்டு எப்படி இருந்தது? இல்லாததுபோல் இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உடல் நிறத்திலேயே கொஞ்சம் கூட்டிக் குறைத்து, அல்லது பளபளப்பை மட்டும் மாற்றி, ‘பேய்ப் பட்டை’ போடுவது ஒரு தனிக் கலை. கறுப்பு உடலில் மேட் கறுப்பு, வெள்ளையில் முத்து வெள்ளை. வெயில் படும்போது எட்டிப் பார்க்கும், நிழலில் மறைந்துகொள்ளும். பட்டை வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் கேட்கக் கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. என் ஆசை அந்த ரகம் இல்லை.

ஆரஞ்சு, மஞ்சள், தங்கம்

ஆரஞ்சுக்காக நான் கிட்டத்தட்ட வழுக்கி விழுந்தேன். வெளிர்நீல உடலில் ஆரஞ்சுப் பட்டை ஓடும், கல்ஃப் எண்ணெய் நிறுவன விளம்பரம் தாங்கிய ஃபோர்டு ஜிடி40 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் லெ மானில் வென்றது. அதன் படத்தைப் பார்த்த யாருக்கும் அந்த ஜோடி மறக்காது. நீலமும் ஆரஞ்சும் நிறச் சக்கரத்தில் எதிரெதிர் என்பதால் ஒன்றை ஒன்று தூக்கிக்காட்டும். ஆனால் அங்கே உடல் வெளிர்நீலம். எதிர் நிறங்கள் என்றாலும் இரண்டும் மென்மையாக ஒன்றையொன்று தொடுகின்றன. அடர்நீலத்தில் அதே ஆரஞ்சை வைத்தால் அந்த இனிமை போய்விடுகிறது, எச்சரிக்கைப் பலகையின் சாயல் வந்துவிடுகிறது. பகலில் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில்தான் ஆரஞ்சு அழுக்குப் பழுப்பாகியது.

வெள்ளை உடலில் ஆரஞ்சு மிக அருமை. பந்தயத்தில் மற்ற கார்களுக்கு முன்னால் ஓடி வழிநடத்திய 1969 கமாரோவே சாட்சி. வெள்ளைமேல் ஆரஞ்சுப் பட்டைகள், உள்ளே இருக்கையிலும் ஆரஞ்சு. சாம்பல் உடலிலும் ஆரஞ்சு எடுபடும், அந்தச் சாம்பல் மெட்டாலிக் இல்லாமல் இருக்கும்வரை.

மஞ்சளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கறுப்பில் பிரமாதம், வெள்ளையில் பாழ். மற்ற உடல்களில் மஞ்சள் பட்டை வாடகை வண்டியையோ வேலை வண்டியையோ நினைவூட்டும். ஒளிரும் ரக மஞ்சளும் பச்சையும் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் வெளுப்பவை. ஒரு நாள் விழாவுக்கு என்றால் சரி.

தங்க நிறத்துக்குக் கறுப்பு உடலைத் தவிர வேறு நல்ல துணை கிடையாது, கரும்பச்சையை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். 1966இல் ஹெர்ட்ஸ் நிறுவனம் வாடகைக்கு விட்ட ஷெல்பி மஸ்டாங்குகளில் பெரும்பாலானவை கறுப்பில் தங்கப் பட்டை. 1972இல் சிகரெட் விளம்பரத்தோடு ஓடிய லோட்டஸ் 72 பந்தயக் காரும் கறுப்பு, தங்கம். இரண்டிலும் தங்கம் மங்கலானது, பித்தளை மாதிரி மின்னவில்லை. வினைலில் தங்கம் தேடுபவர் கண்ணாடிபோல் மின்னும் ரகத்தை விட்டுவிட்டு மங்கிய ரகத்தை எடுக்கட்டும். மின்னும் குரோம் வினைல் இழுத்து ஒட்டினால் நிறம் மாறும், மடிப்பும் விழும்.

கறுப்பில் வெள்ளிக்கும் ஒரு வார்த்தை. 1966 லெ மானில் முதலாவதாக வந்த ஜிடி40 கறுப்பில் வெள்ளிப் பட்டையோடு ஓடியது. வெள்ளி கோணத்துக்குக் கோணம் கருத்தாலும் கறுப்பைவிட எப்போதும் ஒரு படி வெளிச்சமாகத்தான் இருக்கும். அதனால் என் பழைய காரில் நடந்தது அங்கே நடக்காது.

இரண்டு மூன்று நிறங்கள் சேரும்போது

மூன்று நிறப் பட்டை ஆசைப்படுபவர்கள் பிஎம்டபிள்யூவின் பந்தயப் பட்டையைக் கவனிக்க வேண்டும். 1970களில் வெள்ளைக் கார்களில் வந்த அதில் ஒரு பக்கம் வெளிர்நீலம், மறுபக்கம் சிவப்பு. நடுவில் ஊதா. நீலமும் சிவப்பும் நேரடியாக மோதிக்கொள்ளாமல் இரண்டும் கலந்த நிறம் சமாதானம் பேசுகிறது. மார்ட்டினி மதுபான விளம்பரத்தோடு ஓடிய பந்தயக் கார்களின் அடர்நீலம், வெளிர்நீலம், சிவப்பும் வெள்ளை அல்லது வெள்ளி உடலில்தான் உயிர்பெறும். கறுப்பு உடலில் மூன்று நிறப் பட்டை என்றால் அடர்நீலத் துண்டு காணாமல் போய், பட்டையில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், மூன்று நிறம் வெள்ளை உடல்காரர்களின் சொத்து.

அகலத்தை நிறம் மாற்றும்

இதை ஸ்டிக்கர் ஒட்டுபவர்களே பெரும்பாலும் சொல்வதில்லை. இருட்டின்மேல் இருக்கும் வெளிச்சம் தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். கறுப்பில் வெள்ளைப் பட்டையும் வெள்ளையில் கறுப்புப் பட்டையும் ஒரே அகலம் என்றாலும், முதலாவதுதான் கண்ணுக்கு அகலமாகத் தோன்றும். நண்பரின் வெள்ளைக் காரில் கறுப்புப் பட்டை பார்த்து அதே அளவில் உங்கள் கறுப்புக் காரில் வெள்ளை போட்டால் பருத்துத் தெரியும். அரை அங்குலம் குறைத்துவிடுங்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் இதே கணக்கு.

மெல்லிய கோட்டில் இன்னொரு தந்திரம் நடக்கும். 3 மில்லிமீட்டர் அகலக் கோட்டை நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் கண் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். அடர்நீலக் கோடு கறுப்பாகத் தெரியும், வெள்ளையில் மஞ்சள் கோடு கரைந்துபோகும். ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் தோளோரம் அணில் முடித் தூரிகையால் கையாலேயே இழுக்கும் கோடு ஏறத்தாழ அந்த அகலம்தான். அவ்வளவு மெல்லிய கோட்டுக்குப் பளீர் நிறம் வீண். உள் இருக்கையின் தோல் நிறத்திலோ உடலைவிட இரண்டு படி வெளுத்த நிறத்திலோ இழுத்தால் போதும். உள்ளே க்ரீம், வெளியே க்ரீம் கோடு. கதவைத் திறக்கும்போதுதான் அந்த உறவு புரியும்.

ஸ்டிக்கரா, பெயின்ட்டா

நிறத்தேர்வோடு இது எங்கே தொடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பெயின்ட்டில் எந்த நிறமும் கலந்து வாங்கலாம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு அடித்துவிட்டால் ஓரமே தடவத் தெரியாது. ஆனால் அடர் உடலில் மஞ்சளோ சிவப்போ அடிக்க அடியில் வெள்ளைப் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் கீழுள்ள நிறம் எட்டிப் பார்க்கும். மனம் மாறினால் கழற்றவும் முடியாது. வினைலில் வார்ப்பு ரகம் சுமார் 50 மைக்ரான் தடிமன், வளைவில் படிந்து உட்காரும். உருளையில் அழுத்திச் செய்யும் மலிவு ரகம் அதைவிடத் தடிமன், சுருங்கவும் செய்யும். வெளிர் நிறப் பட்டைக்கு மெல்லிய, மறைப்புக் குறைந்த வினைல் எடுத்தால் அடியிலுள்ள நீலம் கலந்து வெள்ளை நீலம்பாரித்துத் தெரியும். துண்டை உடல்மேல் வைத்துப் பார்க்காமல் காகிதத்தில் பார்த்து வாங்கினால் இது தெரியவே தெரியாது. புதிதாகப் பெயின்ட் அடித்த கார் என்றால் சில வாரம் காயவிட்டுத்தான் வினைல் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் அடியில் ஆவி தங்கி கொப்புளம் வரும்.

விற்கும் நாளையும் நினைக்க வேண்டும். பட்டையை உரித்தால் அடியில் வெயில் படாத பெயின்ட் புதிதாக இருக்கும், சுற்றியுள்ளது மங்கியிருக்கும். பட்டை போன பின்னும் அதன் நிழல் நிற்கும். சிவப்பு உடலிலும் அடர் நிறங்களிலும் இது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் மிகக் குறைவு. என் வெள்ளிக் காரை வாங்கியவர் பானெட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ‘இங்கே ஏதோ கோடு இருந்ததா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். விலை பேசும்போது அந்த ஆமாம் எதிராளியின் பக்கம் போய்விட்டது.

என் காருக்கு

இரண்டு வாரத்துக்குப் பிறகு சிவப்பும் கறுப்பும் முதலில் வெளியேறின. மிஞ்சியது வெள்ளை, வெளிர் சாம்பல், ஆரஞ்சு. காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, விளக்கு போடும் நேரத்தில் ஒருமுறை, பத்து அடி தள்ளி நின்று பார்த்தேன். தூய வெள்ளை எல்லா நேரத்திலும் ஜெயித்தது. அதுவே பிரச்சினையாகவும் பட்டது. காரைப் பார்ப்பதற்கு முன் பட்டையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வெளிர் சாம்பலில் இரண்டு ரகம் வாங்கியிருந்தேன். மெட்டாலிக் ரகம் மாலையில் கருத்து நீலத்தோடு சேர்ந்துகொண்டது. மெட்டாலிக் இல்லாத, வெள்ளையை ஒட்டிய சாதாரண வெளிர் சாம்பல் மட்டும் எந்த நேரத்திலும் காணாமல் போகவும் இல்லை, கத்தவும் இல்லை. மழை பெய்த மறுநாள் தூசித் திட்டுகளும் அதில் அவ்வளவாகத் தெரியவில்லை. சோம்பேறிக்கு அது ஒரு பெரிய தகுதி.

அதையே போட்டேன். இரண்டு பட்டை வேண்டாம், ஒன்றே ஒன்று, கோர்டினி மாதிரி நடுவிலிருந்து ஓட்டுநர் பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி. ஒட்டியவர் இரண்டு முறை ‘நடுவில் வேண்டாமா?’ என்று கேட்டார், மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கண்ணாடி மூடிகளின் கீழ் ஓரத்துக்கும் அதே சாம்பலில் மெல்லிய கோடு.

ஆரஞ்சுத் துண்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். பெட்ரோல் போடும்போது மட்டும் தெரியும்.